தோழி ஏன் தபால்காரி ஆகிவிடுகிறாள்? வளரிளம் பருவ நாவலில் நட்பும் முதல் காதலும்

வெள்ளைத்தாள்

எல்லோருக்கும் வணக்கம். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தன் வாயால் சொல்வதுபோல ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதியைத் தாண்டிவிட்டது. கதைசொல்லி யாழினி. அவளுடைய உயிர்த்தோழி ஷைலா. இரண்டு பேரும் ஒரு நோட்டில் படக்கதை போடுகிறார்கள். வசனம் யாழினி, படம் ஷைலா. ஒற்றைக்கண் யானை ஒன்றுதான் கதாநாயகன். அந்த நோட்டை வேறு யாரும் பார்த்ததில்லை. ஏழாவது அத்தியாயத்தில் வகுப்புக்குப் புதிதாக கார்த்திக் வருகிறான். யாழினிக்கு அவன்மேல் முதல் காதல்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கார்த்திக் வந்த பிறகு ஷைலாவுக்குக் கதையில் வேலை இல்லை. "அவன் உன்னையேதான்டி பார்க்கிறான்" என்கிறாள். செய்தி கொண்டுபோகிறாள். யாழினி அழுதால் தோள் கொடுக்கிறாள். படித்துப் பார்த்தவர்கள் சொல்லிவைத்ததுபோல ஒன்றையே சொன்னார்கள்: "முதல் ஆறு அத்தியாயத்தில் இருந்த ஷைலா எங்கே? இப்போது இருப்பவள் தபால்காரி."

ஷைலாவும் அவனையே விரும்புவதாக வைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் முக்கோணம் எனக்கே சலிப்பாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

மின்மினி_22

முக்கோணம் வேண்டாமே, ப்ளீஸ். தொடர்கதை தளத்துல நான் படிக்கிற பத்துல எட்டு இப்படித்தான் போகுது. தோழி கெட்டவளாகி, கடைசி அத்தியாயத்துல மன்னிப்பு கேட்டு முடியும். ஷைலா கெட்டவளா மாறினா நான் படிக்கிறதை நிறுத்திடுவேன் 😤

ஆறாம்விரல்

வெள்ளைத்தாள், ஷைலாவுக்கு என்ன வேண்டும்? யாழினிக்கு என்ன வேண்டும் என்பது நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது. ஷைலா படம் போடுகிறாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். அது அவள் செய்வது. அவளுக்கு வேண்டியது என்ன? அது இல்லாததால்தான் கார்த்திக் வந்ததும் அவள் கை சும்மா தொங்குகிறது. சும்மா இருக்கும் கையில் எழுத்தாளர் கடிதத்தைத் திணித்துவிடுவார். தபால்காரி பிறப்பது அப்படித்தான்.

அவளுக்கு ஒரு ஆசையைக் கொடுங்கள். அது காதலோடு மோத வேண்டியதில்லை, நாட்காட்டியில் மோதினால் போதும். உதாரணத்துக்கு, அந்தப் படக்கதையை ஒரு போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்பது ஷைலாவின் ஆசை. கடைசித் தேதி இருக்கிறது. வசனம் எழுத வேண்டியவள் யாழினி. அவளோ அந்த வாரம் முழுக்க கார்த்திக் எந்த வழியாக வீட்டுக்குப் போகிறான் என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறாள். யாரும் கெட்டவர் இல்லை, பொறாமையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு காதல் காட்சியிலும் வாசகருக்கு இன்னொரு கடிகாரம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இதைவிடக் கூர்மையான ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்த நோட்டு. யாழினி அதை கார்த்திக்கிடம் காட்ட வேண்டும். ஷைலாவைக் கேட்காமல் காட்ட வேண்டும். கெட்ட எண்ணத்தில் இல்லை. தன்னிடம் இருப்பதிலேயே நல்லதை அவனுக்குக் காட்ட வேண்டும் என்ற தவிப்பில். பிறகு ஒருநாள் நடைவழியில் கார்த்திக் ஷைலாவிடம் வெள்ளந்தியாக, "அந்த ஒற்றைக்கண் யானை சூப்பர்" என்று சொல்லட்டும். அவன் மனதாரப் பாராட்டுகிறான். அவளுக்கு அது எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும்.

ஷைலா அன்றைக்குச் சண்டை போடக் கூடாது. சண்டை போட்டால் அடுத்த அத்தியாயத்தில் சமாதானம் ஆகிவிடும். அவள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தை வரைந்து கொடுக்கட்டும். அதில் யானைக்கு இரண்டு கண்.

மின்மினி_22

ஐயோ. இரண்டு கண். 💔

வெள்ளைத்தாள்

ஆறாம்விரல், இதைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். நன்றி. ஆனால் ஒரு பயம். இப்படி வைத்தால் காதலே குற்றம் என்பதுபோல ஆகிவிடாதா?

கூகைக்குரல்

ஆகிவிடும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

இங்கே எல்லோருக்கும் நட்பு புனிதம், காதல் திருடன். அந்த வயதுக் காதல் என்றாலே ஏதாவது ஒன்றை இழந்து பாடம் கற்க வேண்டும் என்று யார் விதி போட்டது? காதல் வந்த பிறகுதான் சிலர் தன் தோழியையே முதல்முறையாகத் தனி மனுஷியாகப் பார்க்கிறார்கள். அதற்கு முன்பு தோழி என்பவள் கூடவே இருக்கிறவள், அவ்வளவே. கார்த்திக் ஷைலாவின் படத்தைப் பாராட்டும்போது யாழினிக்கும் உறைக்கலாம்: இந்தப் பெண் வரைகிற படத்தை இத்தனை வருஷமாக நான் சரியாகப் பார்த்ததே இல்லையே என்று. காதல் நட்புக்கு எதையாவது கொடுக்கட்டும். எடுத்துக்கொண்டே இருந்தால் அது ஒழுக்கக் கதை.

ஆறாம்விரல்

கொடுக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தது எதுவென்று யாழினிக்குத் தெரிய வரும்போது தாமதமாகியிருக்க வேண்டும். உடனே தெரிந்துவிட்டால் அவள் பதினாறு வயதுப் பெண் இல்லை, முப்பத்தைந்து வயது ஆலோசகர்.

செவ்வியல்பித்து

தபால்காரி என்று தோழியைக் குறைத்துப் பேசுவதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கிறது. நம் சங்க அகக் கவிதையில் (காதல் கவிதையில்) தோழி இல்லாமல் முதல் காதலே கிடையாது. ஆனால் அவள் ஒருபோதும் வெறும் தூது இல்லை.

பத்துப்பாட்டில் கபிலர் எழுதிய குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 261 அடி. முழுக்க முழுக்க ஒரு முதல் காதல். அதைச் சொல்வது யார்? தலைவி இல்லை, தலைவனும் இல்லை. தோழி. தலைவியின் மெலிவைக் கண்டு கலங்கும் செவிலித்தாயிடம் (வளர்ப்புத்தாயிடம்) உண்மையை எடுத்துச் சொல்லி, தலைவிக்காக நிற்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து தினைப்புனம் காத்தது, அருவியில் ஆடியது, பூப்பறித்தது எல்லாம் சொன்ன பிறகுதான் கதைக்குள் தலைவன் வருகிறான். 99 பூக்களின் பெயர் வரிசையாக வருகிற அந்தப் புகழ்பெற்ற பகுதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவன் வருவதற்கு முன்னால். இரண்டு பெண்களும் மட்டும் இருக்கும் பொழுதில்! காதலுக்கு முந்தைய நட்பின் பொழுதுக்கு ஒரு கவிஞன் அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறான்.

இன்னொன்று. களவு வாழ்க்கையில், அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதலில், தோழிக்கு எத்தனை வேலை என்று தொல்காப்பியத்தின் களவியலைப் புரட்டினால் தெரியும். தலைவனை உடனே நம்ப மாட்டாள், இழுத்தடிப்பாள். இரவில் வராதே, வழி ஆபத்து என்பாள். எப்போது மணக்கப் போகிறாய் என்று நெருக்குவாள். ஊர் அலர் தூற்றுவதை, அதாவது கிசுகிசு பேசுவதை, அவன் காதில் போடுவாள். சில பாட்டுகளில் அவனைத் திட்டவும் செய்வாள். தலைவிக்குத் தெரியாத ஆபத்தெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் கணக்குப் போடுகிறவள்.

வெள்ளைத்தாள், உங்கள் ஷைலா ஏன் கார்த்திக்கை ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை?

வெள்ளைத்தாள்

நல்ல கேள்வி. அவள் நல்லவள் என்று காட்ட நினைத்தேன். சந்தேகப்பட்டால் பொறாமை என்று வாசகர் நினைத்துவிடுவாரோ என்று விட்டுவிட்டேன்.

நட்சத்திரத்தூசி

நினைக்கட்டுமே. யாழினியும் அப்படித்தான் நினைப்பாள். வாசகருக்கு மட்டும் சந்தேகம் பாதியாவது நியாயம் என்று தெரிய வேண்டும். கதைசொல்லிக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரியும் இடம்தான் 'நான்' என்று சொல்லும் தன்மைக் கதையின் உயிர்.

செவ்வியல்பித்து சொன்ன அலரை அப்படியே இன்றைக்குக் கொண்டுவரலாம். வகுப்பு வாட்ஸாப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். கிசுகிசு எப்போதும் காதலர்களை மட்டும் தொடுவதில்லை, "உனக்குத் தெரியாதா, நீதானே அவளோட பெஸ்ட் ஃப்ரெண்ட்?" என்று தோழியைத்தான் முதலில் வந்து கேட்கும். ஷைலா அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கும். யாழினிக்காகச் சொன்ன அந்தப் பொய் யாழினிக்குத் தெரியவே வராது. இதை ஒரு பத்தியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள், பெரிதாக்காதீர்கள்.

நான் பதிப்பகத்தில் கைப்பிரதி படிக்கும் வேலையில் இருக்கிறேன். வளரிளம் பருவக் கதைகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு குறை: நட்பை ஆசிரியர் வாக்கியமாகச் சொல்லிவிடுவார். "அவர்கள் இணைபிரியாத தோழிகள்." அதற்குமேல் அந்த நட்பில் என்ன நடக்கிறது என்று இருக்காது. காதலுக்கு மட்டும் காட்சி காட்சியாக எழுதுவார். வாக்கியத்தில் இருந்த ஒன்று பிறகு உடைந்தால் யாருக்கு வலிக்கும்? வெள்ளைத்தாளிடம் அந்தக் குறை இல்லை. படக்கதை நோட்டு இருக்கிறது.

உளவியலில் ஹாரி ஸ்டாக் சல்லிவன் என்பவரின் விரிவுரைகள் 1953-ல் புத்தகமாக வந்தன. அவர் மறைவுக்குப் பிறகு. பதின்வயதுக்குச் சற்று முன்னால், தன் வயதையொத்த ஒரே ஒரு நெருங்கிய தோழமை உருவாகும் காலத்துக்கு அவர் பெரிய முக்கியத்துவம் கொடுக்கிறார். இன்னொருவரின் மகிழ்ச்சி தன் மகிழ்ச்சி அளவுக்கு முக்கியமாவது அப்போதுதான் என்கிறார். காதல் அதற்குப் பிறகு வருகிறது. எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு கருவி இருக்கிறது. யாழினி காதலிக்கும் விதம் ஷைலாவிடம் கற்றுக்கொண்டதாக இருக்கும். ஷைலாவோடு சேர்ந்து கண்டுபிடித்த கிண்டல், ஷைலா கோபத்தைக் காட்டும் விதம், அவள் சமாதானமாகும் விதம் எல்லாம் யாழினி கார்த்திக்கிடம் செய்வாள். அவளுக்கே தெரியாமல். அவனுக்குப் பிடித்துப்போன யாழினியில் பாதி ஷைலா.

மின்மினி_22

நான் ஒண்ணு கேட்கலாமா? ஷைலாவுக்கே யாழினி மேல காதலா இருந்தா? சொல்லாமலே? நீங்க எழுதின ஷைலாவைப் பார்த்தா எனக்கு அப்படித்தான் தோணுச்சு.

வெள்ளைத்தாள்

மின்மினி, எனக்கு அது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. யோசிக்கிறேன்.

நட்சத்திரத்தூசி

யோசியுங்கள். ஆனால் கடைசியில் வெடிக்கும் ரகசியமாக மட்டும் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் அவள் மறுபடியும் கதைக்கான கருவியாகிவிடுவாள். இருக்கிறதென்றால் முதல் அத்தியாயத்திலிருந்தே இருக்க வேண்டும். ஷைலாவுக்கே அதற்குப் பெயர் தெரியாமலும் இருக்கலாம்.

ஆறாம்விரல்

இனி காதல் பக்கம் வருவோம். நட்பைச் சரிசெய்துவிட்டுக் காதலைச் சோகையாக விட்டால் கூகைக்குரல் சொன்னதுதான் நடக்கும். வெள்ளைத்தாள், யாழினி கார்த்திக்கை முதலில் கவனிக்கும் பகுதியை இங்கே போட முடியுமா?

வெள்ளைத்தாள்

இப்போது இருப்பது இதுதான்:

"அவனைப் பார்த்த அந்த நொடியில் என் இதயம் துடிக்க மறந்தது. சுற்றிலும் எல்லாச் சத்தமும் அடங்கி, உலகத்தில் நானும் அவனும் மட்டும் இருப்பதுபோல் தோன்றியது. இதற்குப் பெயர்தான் காதலா?"

கூகைக்குரல்

இதயம் துடிக்க மறந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும்.

ஆறாம்விரல்

கூகை, கொஞ்சம் பொறுமை.

இந்தப் பத்தியில் கார்த்திக் இல்லை. அவன் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரையும் போடலாம். யாழினியும் இல்லை. பதினாறு வயதில் காதலிக்கிறவருக்குத் தான் காதலிக்கிறோம் என்று தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே அந்த ஆளைப் பற்றிய உபயோகமற்ற தகவல்கள் சேர ஆரம்பித்துவிடும். அவன் எந்தக் கையால் கதவைத் திறக்கிறான், எந்த எழுத்தைக் கோணலாக எழுதுகிறான், எப்போது சிரிப்பை அடக்குகிறான். யாரும் கேட்காத விஷயத்தில் அவள் நிபுணி ஆகிவிடுகிறாள். அதை எழுதுங்கள். காதல் என்ற சொல்லை இந்த அத்தியாயத்தில் தொடவே தொடாதீர்கள்.

அடுத்தது பேச்சு. உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-ல் வெளியிட்ட 'குழந்தைப்பருவமும் சமூகமும்' நூலில் இளவயதுக் காதலைப் பற்றிச் சின்னதாக ஒரு இடம் வரும். அந்த வயதுப் பிள்ளை இன்னும் உருத்திரளாத தன் பிம்பத்தை எதிரில் இருப்பவர்மேல் போட்டு, அங்கிருந்து திரும்பி வருவதை வைத்துத் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்கிக்கொள்கிறது, அதனால்தான் இளவயதுக் காதலில் பெரும்பகுதி பேச்சாகவே இருக்கிறது என்கிறார். உங்கள் காதல் காட்சிகளில் பார்வை நிறைய இருக்கிறது, பேச்சு இல்லை. கார்த்திக்கிடம் பேசும்போது யாழினி இதுவரை யாரிடமும் சொல்லாத யாழினியாக இருக்கட்டும். கொஞ்சம் பொய்கூடச் சொல்லட்டும். படிக்காத புத்தகத்தைப் படித்ததாகச் சொல்லட்டும். ஷைலா பக்கத்தில் இருந்தால் அந்தப் பொய் அவளுக்கு மட்டும் தெரியும். பார்த்தீர்களா, ஷைலாவுக்கு இங்கேயும் வேலை வந்துவிட்டது.

செவ்வியல்பித்து

கார்த்திக்குக்கும் ஏதாவது கொடுங்கள் ஐயா. யாழினி பார்க்காத நேரத்தில் அவன் என்ன செய்கிறான்?

ஆறாம்விரல்

ஆமாம், அதுவும். அவனுக்கு ஒரு வீடு, ஒரு கவலை, யாழினிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நண்பன். இரண்டு வரி போதும்.

கூகைக்குரல்

இப்போது நான் ஒரு உருப்படியான விஷயம் சொல்கிறேன். யாழினி எத்தனை வயதில் இருந்து கதை சொல்கிறாள்? பதினாறில் நின்றுகொண்டா, நாற்பதில் திரும்பிப் பார்த்தா?

ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் 'முதற்காதல்' 1860-ல் வந்தது. அதில் காதலித்தபோது கதைசொல்லிக்குப் பதினாறு, கதை சொல்லும்போது நாற்பது. நண்பர்கள் வற்புறுத்தினாலும் வாயால் சொல்ல மாட்டேன் என்கிறான். எழுதிக்கொண்டுவந்து படிக்கிறேன் என்று சொல்லி, இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவருகிறான். அந்த ஏற்பாட்டிலேயே இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவனுக்கு அது எவ்வளவு கனக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் உள்ளே போனதும் நாற்பது வயதுக்காரன் குறுக்கே வந்து உபதேசம் செய்வதில்லை. பையன் பார்த்ததைப் பையனாகவே பார்க்கவிடுகிறான். தன் போட்டியாளன் யார் என்று அவனுக்கு வெகுநேரம் பிடிபடாது. வாசகருக்கு முன்னாலேயே புரிந்துவிடும்.

திரும்பிப் பார்த்துச் சொன்னால் நட்பின் நஷ்டத்தைச் சொல்வது சுலபம், அந்த நொடியின் மயக்கத்தைச் சொல்வது கஷ்டம். அப்போதே சொன்னால் நேர்மாறு. வெள்ளைத்தாளின் பிரதியில் இரண்டும் கலந்து கிடக்கும் என்று நினைக்கிறேன். "இதற்குப் பெயர்தான் காதலா" என்பது பதினாறு வயதுக் குரல் இல்லை, பதினாறு வயது இப்படித்தான் பேசும் என்று நினைக்கும் பெரியவர் குரல்.

வெள்ளைத்தாள்

கலந்துதான் கிடக்கிறது. முதல் அத்தியாயத்தில் "இன்று யோசித்தால்" என்று வருகிறது, பிறகு அந்த "இன்று" எங்கேயும் வரவில்லை.

நட்சத்திரத்தூசி

அப்படியானால் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு முழுக்கப் பதினாறிலேயே நில்லுங்கள் என்பது என் பரிந்துரை. திரும்பிப் பார்க்கும் குரல் வேண்டுமென்றால் கடைசி அத்தியாயத்தில் ஒரே ஒரு தடவை வரட்டும்.

நட்பு விலகும் பகுதிக்கு ஒரு குறிப்பு. காதல் முறிந்தால் அதற்கு ஒரு காட்சி இருக்கும், யாராவது ஏதாவது சொல்வார்கள். நட்பு விலகுவதற்குக் காட்சி கிடையாது. எந்த நாளில் விலகியது என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. அதனால் ஒரு பழக்கத்தை முன்பே நட்டுவைத்து, அது தேய்வதைக் காட்டுங்கள். அந்த நோட்டு யார் வீட்டில் இரவு தங்குகிறது என்பதை முதல் அத்தியாயங்களில் ஒரு வழக்கமாக்குங்கள், இன்று நீ நாளை நான் என்று. பிறகு தொடர்ந்து யாழினியிடமே கிடக்கிறது. பிறகு ஷைலா அதைக் கேட்பதில்லை. இதைப் பற்றி யாழினி ஒரு வரிகூட வருத்தப்பட்டு எழுதக் கூடாது, ஏனென்றால் அவள் கவனிக்கவே இல்லை. நோட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் போகிறபோக்கில் சொல்லிக்கொண்டு போவாள்.

வாராவாரம் தொடராகப் போடுகிறீர்களென்றால் இதெல்லாம் கஷ்டம். பின்னூட்டத்தில் "கார்த்திக் எப்போ ப்ரொபோஸ் பண்ணுவான்" என்றுதான் வரும். அதற்குப் பயந்து காதலை ஓட்டாதீர்கள். ஒரு அத்தியாயத்துக்குத் திரும்பிப் போக முடியாத ஒரே ஒரு அடி. பேனா கடன் வாங்குவது ஒரு அடி. அதைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது அடுத்த அடி.

மின்மினி_22

"எப்போ ப்ரொபோஸ் பண்ணுவான்"னு கேட்கிறது நாங்கதான் 🙈 ஆனா அவன் உடனே பண்ணிட்டா அடுத்த வாரம் வர மாட்டோம். இதையும் சேர்த்துக்கோங்க.

வெள்ளைத்தாள்

இரண்டு நாள் எழுதினேன். கார்த்திக்கைக் கவனிக்கும் பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

"கார்த்திக் தன் பெயரை எழுதும்போது புள்ளிகளைக் கடைசியில்தான் வைப்பான். முழுப் பெயரையும் எழுதிவிட்டு, பேனாவை மேலே தூக்கிவிட்டு, ஏதோ மறந்துவிட்டதுபோலத் திரும்பி வந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வைப்பான். ஷைலாவிடம் சொன்னேன். 'அதுக்கென்னடி?' என்றாள். அதுக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு ராத்திரி நானும் அப்படி எழுதிப் பார்க்கலாம் என்று நோட்டின் பின்பக்கத்தைத் திறந்தேன். யாழினியில் வைப்பதற்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஷைலாவிலும் இல்லை."

நோட்டு அன்று ஷைலா வீட்டில் இருக்க வேண்டிய நாள். அதை யாழினி சொல்லவில்லை. முந்தைய அத்தியாயத்தின் கணக்கை வைத்து வாசகர் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்காமலும் போகலாம்.

மின்மினி_22

என் பேரை எழுதிப் பார்த்துட்டேன். ஒரே ஒரு புள்ளி.

கூகைக்குரல்

இது பரவாயில்லை. இதில் கார்த்திக் இருக்கிறான்.

ஆறாம்விரல்

பரவாயில்லையா! கூகை வாயிலிருந்து இவ்வளவு வருவதே அதிகம். வெள்ளைத்தாள், "ஷைலாவிலும் இல்லை" என்பதை வெட்டிவிடாதீர்கள், யார் சொன்னாலும். தன் பெயரை எழுதிப் பார்த்த கையோடு அவள் பெயரையும் எழுதிப் பார்த்திருக்கிறாள். அந்த வரியில் இரண்டு கதையும் இருக்கிறது. "அதுக்கு ஒன்றுமில்லை" மட்டும் தேவையா என்று பாருங்கள்.

நட்சத்திரத்தூசி

அது இருக்கட்டும் என்பேன். அந்த வயதில் எல்லாவற்றையும் அப்படித்தான் மறைப்பார்கள்.

செவ்வியல்பித்து

ஷைலா எப்போது அவனைச் சந்தேகப்படப் போகிறாள்? நான் அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

வெள்ளைத்தாள்

பத்தாவது அத்தியாயம். படிக்காத புத்தகத்தைப் படித்ததாக யாழினி பொய் சொல்லும் இடத்தில், கார்த்திக்கும் அதே புத்தகத்தைப் படித்ததாகச் சொல்கிறான். அவனும் படித்ததில்லை. மூன்று பேரில் அதை உண்மையாகப் படித்தவள் ஷைலா மட்டும்தான். அவள் வாயைத் திறப்பாளா, மாட்டாளா என்பதில்தான் இப்போது நிற்கிறேன்.

கூகைக்குரல்

திறக்கட்டும். ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "முடிவு பிடிச்சிருந்ததா?"